வாரேன் என்று எழுதியவர்

அவர் என்னை மன்னித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை இல்லை, பல தடவை மன்னித்திருக்கிறார். கேட்காமலே மன்னிப்பார். நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மன்னிப்பு வந்து இறங்கிவிடும். அதற்கப்புறம், ஐயா நான் ஒன்றும் செய்யவில்லையே என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சரவணம்பட்டிப் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அவருடைய ஒரம்பரை, சொந்தக்காரர் யாராவது வந்து, “அவருங்களா, தங்கமான மனுசனாச்சே” என்பார்கள். அந்தத் தங்கத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருக்கிறது.

ஐம்பதை ஒட்டிய வயது. தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் கசங்காத கைக்குட்டை. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. திங்கட்கிழமை வந்தால் கார் டிக்கி நிறைய இளநீர் கொண்டு வருவார். வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் ஆளுக்கொன்று. எல்லாருக்கும் ‘ங்க’ உண்டு. காப்பி மெஷின் மக்கர் செய்தால் அதற்கும், “இவங்க இன்னிக்குப் பால் குடுக்க மாட்டேங்கறாங்க” என்பார். வந்த புதிதில் நானும் சிரித்தேன். இப்படி ஒரு மேனேஜர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று அந்தியூரிலிருக்கும் எங்கள் அம்மாவிடம் போனில் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

முதல் மன்னிப்பு ஒரு மழை நாளில் வந்தது. கணபதியில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்று பஸ் நகரவில்லை. நனைந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்தேன். காலை மீட்டிங் இன்னும் தொடங்கவில்லை. ஏனென்றால் அதை நடத்த வேண்டியவரே வரவில்லை. நான் தலையைத் துவட்டி உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார். வந்தவர் நேராக என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க அம்மணி, லேட்டானதை மனசுல வெச்சுக்காதீங்க. மழைன்னா அப்படித்தானுங்க. பரவால்லீங்க, நாங்க ஒண்ணும் நெனைக்கல.”

சுற்றி இருந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அன்றைக்குத் தாமதமாக வந்தவள் நான் என்று முடிவாகிவிட்டது. அவருக்கு முன்னாலேயே நான் வந்துவிட்டதைப் பார்த்தவர்களே அதை மறந்துபோனார்கள்.

இன்னொரு நாள் கேன்டீனில். எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்கா நல்ல கைப்பக்குவக்காரி. எல்லாரும் சாம்பாரை ஊற்றி ஊற்றித் தின்றுகொண்டிருந்தோம். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். “உப்பு சித்த எச்சாப் போச்சுன்னு கவலைப்படாதீங்க அக்கா. நாங்க சாப்பிட்டுக்கறோமுங்க.” அதுவரைக்கும் யாருக்கும் உப்புத் தெரியவில்லை. அதற்கப்புறம் எல்லார் நாக்கிலும் உப்புத்தான். கொஞ்ச நாளில் கேன்டீன் வேறு ஆளுக்குப் போனது. அந்த அக்கா கடைசி நாளில் அழுதபோது பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னவரும் இவரேதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பகல் முழுவதும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி அப்புறம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க விடமாட்டார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

‘போறேன்’ என்ற சொல் அவருக்கு ஆகாது. நம் ஊரில் யாருமே வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்வதில்லைதான். வாரேன் என்றுதான் சொல்வோம். ஆனால் அவரிடம் அது ஒரு விரதம். ஒரு நாள் அம்மாவிடம் போனில், “சரி போறேன், வை” என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. “அம்மணி, போறேன்னு சொல்லக் கூடாதுங்க. வாரேன்னு சொல்லோணும். நம்ம பக்கத்துப் புள்ளை நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க. பரவால்லீங்க, வாய் தவறி வந்திருக்கும்.”

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாக நின்று, “வாரேனுங்க, வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் லிஃப்டுக்குப் போவார். வேலையில் சந்தேகம் கேட்டாலும் அதே சொல்தான். “சித்த இருங்க, வாரேன்.” அவ்வளவுதான், ஆள் வரமாட்டார். கிளம்பினாலும் வாரேன், வருவதானாலும் வாரேன், வரப்போவதே இல்லை என்றாலும் வாரேன். கேட்கிறவர்தான் முகத்தைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அவரே கம்ப்யூட்டரில் கோடு, அதாவது புரோகிராம், எழுதுகிற காலத்தில் அந்தச் சொல்லைக் கோடுக்குள்ளும் எழுதி வைத்திருந்தார். அதில்தான் ஷமீமா மாட்டினாள்.

ஷமீமா எனக்குப் பக்கத்து இருக்கை. கோட்டைமேட்டுப் பெண். அவளுடைய அத்தா உக்கடத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். என்னைவிட வேகமாகக் கொங்கு பேசுவாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாத நேரம். “எல்லாரும் ஆப் எழுதப் போறாங்கக்கா. எனக்கு அடியில என்ன ஓடுதுன்னு பாக்கோணும்” என்பாள். அத்தாவின் கடையில் சின்ன வயதிலிருந்து மோட்டாரைக் கழற்றிப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் குழுவில் இடம் கிடைத்ததும் அத்தா, “எம்பொண்ணு கம்ப்யூட்டருக்குள்ள காயில் கட்டறா” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடம் நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு கிடையாது.

நாங்கள் செய்தது ஒரு டப்பா. நூல் மில்லில் மாட்டுவார்கள். ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று நெட்வொர்க் வழியாக டப்பாவுக்குச் செய்தி வரும். சூடு மிஞ்சினால் டப்பா மெஷினை நிறுத்தும். அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நடு உயிர் மாதிரி கெர்னல் என்று ஒன்று உண்டு. மெமரியை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, யாரிடமிருந்து திரும்ப வாங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. வருகிற செய்திகளை வாங்கும் பகுதியை அந்தக் கெர்னலுக்குள்ளேயே எங்கள் கம்பெனி சொந்தமாக எழுதி வைத்திருந்தது. எழுதியவர் அவர். வருசக் கணக்கான பழைய கோடு. அதைத் தொட எல்லாருக்கும் பயம்.

டப்பாக்கள் நாளாக நாளாக மந்தமாகின்றன என்று புகார் வந்தது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஒவ்வொரு செய்தி வரும்போதும் அதை வைக்க மெமரியில் கொஞ்சம் இடம் எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பித் தர வேண்டும். அவருடைய கோடு எடுத்தது, தரவில்லை. எங்கே திருப்பித் தருவது என்று பார்க்கும் வேலை ஷமீமாவிடம் வந்தது.

அந்தப் பகுதியின் கடைசியில் அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழ். நான் வாரேன். அவ்வளவுதான். கோட்டில் தமிழ் எழுதுகிற ஒரே ஆள் நான்தான் என்று அதில் அவருக்குப் பெருமை வேறு.

அதைப் படித்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? தினமும் அந்த ஆள் வாரேன் என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போவதைப் பார்க்கிற ஒருத்தி என்ன நினைப்பாள்? வேலை முடிந்தது, கிளம்பிவிட்டார், இனி இடத்தைத் திருப்பித் தரலாம் என்றுதானே. ஷமீமாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் அவள் கவனமானவள். அவர் பையை மாட்டிக்கொண்டு எங்கள் இருக்கைப் பக்கம் வந்தபோது எழுந்து நின்று கேட்டாள்.

“சார், அந்த ரிசீவ் பக்கம் கடைசியில வாரேன்னு எழுதியிருக்கீங்களே. அதோட அந்த செய்தி பாக்கெட்டுல உங்க வேலை முடிஞ்சுதுங்களா? அங்கயே மெமரியை விட்டர்லாமுங்களா?”

“நீங்க பார்த்தாச் சரியாத்தான் இருக்குமுங்க கண்ணு.”

“இல்லீங்க சார், நீங்க எழுதினதுங்க. அதனால ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

“செஞ்சுபோடுங்க கண்ணு. எதுன்னாலும் பார்த்துக்கலாமுங்க. வாரேனுங்க.”

போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

அவர் எழுதிய வாரேன், கிளம்புகிற வாரேன் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டைமர் திரும்ப வந்து அதே செய்தியை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கும். அந்த டைமரை வைக்கிற வரி வேறொரு கோப்பில், வேறொரு பெயரில் கிடந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். திரும்ப வந்து பார்த்த பிறகு இடத்தைத் திருப்பித் தர அவர் மறந்துபோனதுதான் முதல் கோளாறு. இப்போது ஷமீமா முன்கூட்டியே திருப்பித் தந்துவிட்டதால் இரண்டாவது கோளாறு வந்தது.

கல்யாண மண்டபத்தில் அறையைக் காலி செய்துவிட்டு ஒருவர் இன்னொரு சாவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார் என்று வையுங்கள். அடுத்த முகூர்த்தக்காரர்கள் அந்த அறையில் நகையும் துணியும் வைத்திருப்பார்கள். இவர் பழைய ஞாபகத்தில் கதவைத் திறந்து உள்ளே போவார். அது தன் அறைதான் என்று நினைத்து எதையாவது எடுப்பார், எதையாவது வைப்பார். டப்பாவுக்குள் நடந்தது அதுதான். திருப்பித் தந்த இடத்தில் வேறு ஏதோ குடியிருக்க, டைமர் வந்து அதில் கை வைத்தது.

பல்லடம் பக்கம் ஒரு மில்லில் டப்பாக்கள் வேலை நேரத்தில் அப்படியே உறைந்து நின்றன. மில்காரர்கள் பெங்களூரிலிருந்து பாதுகாப்புச் சோதனை செய்யும் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். ஓசூர்க்காரர், அதிகம் பேசாதவர். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார். இது வெறும் உறைவு இல்லை. அந்த நெட்வொர்க்கில் கால் வைத்தவன் எவனாக இருந்தாலும், சரியான நேரம் பார்த்துச் சரியான செய்திகளை அனுப்பினால், அந்தக் காலி அறையில் தனக்கு வேண்டியதை வைத்துவிடலாம். டைமர் வந்து அதை நம்பி எடுக்கும். அத்தோடு டப்பா அவன் கைக்குப் போய்விடும். சூடு மிஞ்சினாலும் மெஷினை நிறுத்தாதே என்று அவன் சொன்னால் டப்பா கேட்கும்.

மீட்டிங் வைத்தார்கள். முதலாளி, மில் மேனேஜர், ஓசூர்க்காரர், அப்புறம் நாங்கள். மில் மேனேஜர் நல்ல சூட்டில் இருந்தார்.

“இதை எழுதினது யாருங்க?”

ஷமீமா சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் எங்கள் தலைவர் கையை உயர்த்திவிட்டார்.

“அதெல்லாம் எதுக்குங்க. யாருன்னு கேட்டாப் பாவம், சின்னப் புள்ளை மனசு ஒடைஞ்சுபோயிருமுங்க. புதுசு. போகப் போகக் கத்துக்குவாங்க.”

அந்த அறையில் புதிதாக வந்தவள் ஒருத்திதான். எல்லார் கண்ணும் அவள் மேல் போனது. யார் என்று சொல்லாமலே சொல்லிவிட்டார். சொல்லவில்லை என்ற நல்ல பெயரையும் எடுத்துக்கொண்டார்.

ஷமீமா பதறவில்லை. “சார், வாரேன்னு எழுதியிருந்துச்சுங்க. கெளம்பறப்பத்தானுங்களே வாரேன்னு சொல்லுவோம். அதனால அத்தோட முடிஞ்சுதுன்னு எடுத்துக்கிட்டேன். உங்களையும் கேட்டேனுங்களே.”

அவர் சிரித்தார். எவ்வளவு இதமான சிரிப்பு தெரியுமா அது. “வாரேன்னாத் திரும்பி வருவேன்னுதானுங்க அர்த்தம் கண்ணு. தமிழ் தெரிஞ்ச ஆருக்கும் தெரியுமுங்க.”

பிறகு முதலாளி பக்கம் சாய்ந்து, பரிதாபப்படுகிற குரலில், ஆனால் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். “அவங்க ஊட்ல வேற பாஷை பேசுவாங்களாட்ட இருக்குதுங்க. அதுல வந்த கொழப்பம். அதுக்குப் போயி நாம அந்தப் புள்ளையைக் குத்தஞ்சொல்லக் கூடாதுங்க.”

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. ஷமீமா வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த வீட்டில் தமிழைத் தவிர வேறொரு சொல் கேட்டதில்லை. கடையைப் பூட்டிவிட்டு அவளுடைய அத்தா பக்கத்துக் கடைக்காரரிடம், “வாரேன் மாப்ளே” என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். அந்த வாரேனைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இவர் தமிழ் சொல்லித் தருகிறார்.

“எங்கூட்ல தமிழ்தானுங்க சார்” என்றாள் அவள்.

“பரவால்லீங்க கண்ணு” என்றார் அவர்.

எது பரவாயில்லை? வீட்டில் தமிழ் பேசுவதா? இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

நான் எழுந்துவிட்டேன். “சார், அவ உங்களைக் கேட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். செஞ்சுபோடுங்கன்னு நீங்க சொன்னீங்க. அந்த டைமரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.”

நான் நினைத்தது, இப்போது மறுப்பார், மறுத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. அந்த ஆள் மறுப்பாரா? கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

“கேட்டிருப்பாங்க. நான்தான் மறந்திருப்பேன். வயசாச்சுங்களே. தப்பு எம்மேலன்னே வெச்சுக்கலாமுங்க. சின்னப் புள்ளை மேல வர்றதுக்கு எம்மேல வந்துட்டுப் போகட்டும்.” முதலாளியைப் பார்த்து, “இந்த அம்மணி கோபப்படறாங்கன்னு நெனைச்சுக்காதீங்க. கூட இருக்கறவங்களுக்குப் பரிஞ்சு பேசறது நல்ல கொணமுங்க.”

முதலாளி உருகிப்போனார். மேலே இருக்கிற ஆள் கீழே இருக்கிற பெண்ணுக்காகப் பழியைச் சுமக்கிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தப்பு அந்த ஆளுடையதாகவே இருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தன்னுடைய தப்பைத் தன்னுடையது என்று உண்மையாகவே சொல்லி, அதை யாரும் நம்பாதபடி செய்ய அவரால் மட்டும்தான் முடியும். நான் உட்கார்ந்தேன்.

ஓசூர்க்காரர் மட்டும் ஷமீமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டீ குடிக்கும்போது என்னிடம் வந்து, “அந்த வாரேன் அவரு எழுதினதுதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டையை அடைக்கும் வேலையையும் ஷமீமாவே செய்தாள். சுத்தமாகச் செய்தாள். ஒரு செய்தியை எத்தனை பேர் கையில் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கு வைத்து, கடைசி ஆளும் கையை விட்ட பிறகுதான் இடம் திரும்பிப் போகிற மாதிரி மாற்றினாள். டைமர் பார்த்து முடிக்கிற இடத்தில், இனி யாருக்கும் குழப்பம் வரக் கூடாதென்று, போயாச்சு என்று குறிப்பு எழுதினாள்.

எங்கள் தலைவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது மில்லுக்குப் போகும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால், “போயாச்சுன்னு எழுதாதீங்க கண்ணு. எழவு ஊட்ல சொல்றாப்பல இருக்குது. வேற நல்ல வார்த்தையா யோசிங்க. நான் பார்த்துட்டு வாரேன்.” மில்லில் கதவு திறந்து கிடக்கிறது. எவன் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். இங்கே இவர் அபசகுனம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார். சகுனமாவது மண்ணாவது. போயாச்சு என்று அங்கே ஒரு சொல் இருந்தால், படிக்கிறவர்கள் மேலே இருக்கும் வாரேனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான் அவருக்கு ஆகவில்லை. இதை அவர் மூஞ்சிக்கு நேராகவே சொன்னேன்.

“அம்மணிக்கு என்மேல வருத்தமாட்ட இருக்குதுங்க” என்றார். “பரவால்லீங்க.”

கடைசியில் ஷமீமா அந்தக் குறிப்பையே அழித்துவிட்டாள். அன்றைக்கே ஒப்புக்கொண்டார். ஓட்டை அடைபட்டது. மில்லில் டப்பாக்கள் ஒழுங்காக ஓடின.

ஷமீமாவின் காரியம் ஓடவில்லை. வேலை நிரந்தரமாகும் நாள் வந்தது, தள்ளிப்போனது. அவளைக் கெர்னல் பக்கத்திலிருந்து எடுத்து, டப்பாக்களைக் குலுக்கிப் பார்த்துச் சோதிக்கும் மேஜைக்கு அனுப்பினார்கள். “கொஞ்ச நாளைக்கு மனசை லேசா வெச்சுக்கட்டும் புள்ளை” என்று சொல்லி அனுப்பியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே அவள் கைக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் வந்தது. கடையில் அத்தா கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல், இன்னும் காயில்தான் கட்டறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேறு கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். தேர்வெல்லாம் முடிந்து கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. வழக்கப்படி இவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரித்திருக்கிறார்கள். இவர் போனில் பேசியது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

“அருமையான புள்ளைங்க. தாராளமா எடுத்துக்கோங்க. அந்த ஒரு சம்பவத்தை வெச்சு மட்டும் அவங்களை எடை போட்டர்றாதீங்க.”

அவர்களுக்கு எந்தச் சம்பவமும் தெரியாது. இவர் சொல்லித்தான் தெரிந்தது. அப்புறம் அங்கிருந்து அவளுக்குப் பதிலே வரவில்லை. நான் போய் அவர் முன்னால் நின்று, “ஏன் சார் இப்படிப் பண்றீங்க?” என்று கேட்டேன். அவர் கண்ணில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரியவில்லையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். “நல்லதுதானுங்களே சொன்னேன்” என்றார். அதற்கப்புறம் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன்.

ஷமீமாவுக்கு வேலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஓசூர்க்காரர் கூப்பிட்டார். அவளுடைய திருத்தத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார். இங்கே யாரையும் விசாரிக்கவில்லை. அவர்களுடைய கம்பெனியில் கெர்னலில் ஓட்டை தேடும் வேலை. அவள் என்னிடம் சொன்னபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கேன்டீனில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டுமே.

கடைசி நாள் சாயங்காலம் கேக், பப்ஸ், முதலாளி எல்லாம் உண்டு. எங்கள் தலைவர்தான் பேசினார்.

“ஷமீமா நம்மளை விட்டுப் போறாங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. நடந்ததை எல்லாம் நாங்க அப்பவே மறந்தாச்சு. நீங்களும் மறந்துருங்க கண்ணு. நம்ம ஊட்டுப் புள்ளை நீங்க. எப்ப வேணாலும் வரலாம்.” தோப்பிலிருந்து பறித்து வந்த இளநீர்க் குலை ஒன்றை மேஜைமேல் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஷமீமா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலாளியிடம், “வாரேனுங்க சார்.” புதிதாக வந்த கேன்டீன்காரரிடம், “வாரேனுங்க அண்ணா.” என் கன்னத்தைத் தொட்டு, “வாரேன்க்கா.” கடைசியாக அவர் முன்னால் வந்து நின்றாள்.

“போறேனுங்க சார்.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே சிரித்துக்கொண்டார். “போறேன்னு சொல்லக் கூடாதுங்க கண்ணு. வாரேன்னு சொல்லோணும்.”

“சொன்னாத் திரும்பி வரோணுமேங்க சார்” என்றாள் ஷமீமா. குரலில் கோபமே இல்லை. அவரைப் போலவே பணிவாகச் சொன்னாள். “வாரேன்னாத் திரும்பி வருவேன்னுதான் அர்த்தம், தமிழ் தெரிஞ்ச ஆருக்கும் தெரியும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. மத்தவங்களைப் பார்க்க வருவேனுங்க. உங்களைப் பார்க்கத் திரும்பி வர்ற எண்ணம் எனக்கில்லீங்க. அதனால போறேன்.”

முதலாளி அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். வெகுநேரம் அவரையே பார்த்தார். அவர் வாயைத் திறந்தார். “பரவால்லீ...” என்று தொடங்கினார். எதை மன்னிப்பது என்று பிடிபடவில்லை போலிருக்கிறது. பாதியில் நின்றுவிட்டது. கைக்குட்டையைச் சட்டைப்பையில் தேடினார். ஷமீமா லிஃப்டுக்குக் காத்திராமல் படிக்கட்டில் இறங்கிப் போனாள். இளநீர் மேஜைமேலேயே இருந்தது.

கொஞ்ச காலம் கழித்து நானும் அந்தக் கம்பெனியை விட்டேன். மற்ற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அவருடைய அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் நிமிர்ந்து, நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் வாரேன் என்றும் சொல்லவில்லை, போறேன் என்றும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அதற்கும் அந்த மனுசன் என்னை மன்னித்துத்தான் இருப்பார். அதை நினைத்தால்தான் எரிகிறது.